கதவைத் திறக்காதீர்கள்: கிறுக்கு விஞ்ஞானி நகைச்சுவைப் படங்களின் ஈர்ப்பு

கறுப்புவெள்ளைப் பிரியன் (இழையைத் தொடங்கியவர்):

போன ஞாயிற்றுக்கிழமை என் அக்காள் மகனோடு அமர்ந்து 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' பார்த்தேன். மெல் புரூக்ஸ் இயக்கத்தில் ஜீன் வைல்டர் நடித்து 1974-இல் வெளிவந்த படம் அது. எனக்கு அது மனப்பாடம். பன்னிரண்டு வயதான அவனுக்கு அதுதான் முதல் முறை. டாக்டரின் உதவியாளன் ஐகோரின் முதுகுக் கூன் ஒரு காட்சியில் இடப்பக்கமும் வேறொரு காட்சியில் வலப்பக்கமும் இருப்பதைத் தானாகவே கண்டுபிடித்துச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவன், ஓரிடத்தில் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான்.

தான் உயிரூட்டிய ராட்சதனைச் சந்திக்க டாக்டர் தனியாக அறைக்குள் போகும் இடம் அது. உள்ளே என்ன சத்தம் கேட்டாலும், தானே எவ்வளவு கெஞ்சினாலும், கதவைத் திறக்கக் கூடாது என்று உதவியாளர்களிடம் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போகிறார். கதவு சாத்தப்பட்ட சிறிது நேரத்தில் ராட்சதன் உறுமிக்கொண்டு எழுகிறான். டாக்டர் கதவைத் தட்டித் தட்டிக் கதறுகிறார். அவர் இட்ட கட்டளைப்படியே யாரும் திறக்கவில்லை. வேறு வழியின்றித் திரும்பி நின்று, அவனை அழகன் என்று புகழத் தொடங்குகிறார். அந்தப் புகழ்ச்சியைக் கேட்டு அவன் குழந்தையைப் போல அழுகிறான், அவரும் அவனைத் தாயைப் போல மார்போடு அணைத்துக்கொள்கிறார். "மாமா, அவர் நெஜமாவே கொஞ்சுறாரா, இல்ல பயத்துல கொஞ்சுறாரா?" என்று பையன் கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன்.

இவ்வகைப் படங்களைப் பற்றிப் பேசும்போது, விஞ்ஞானத்தைக் கண்டு நாம் கொள்ளும் அச்சத்தைச் சிரிப்பு கரைத்துவிடுகிறது என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம். அது பாதி உண்மை என்றே நினைக்கிறேன். மேரி ஷெல்லியின் 1818-ஆம் ஆண்டு 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை வாசித்தவர்களுக்குத் தெரியும்: விஞ்ஞானி விக்டர் செய்த பெரும் பிழை, உயிரை உண்டாக்கியது மட்டுமன்று. அந்த உயிர் கண் விழித்த உடனேயே அதன் தோற்றத்தைப் பார்த்து அருவருத்து அவன் அறையைவிட்டு ஓடிவிடுகிறான். அதன் பிறகு நிகழும் எல்லாக் கொலைகளும் அந்த ஓட்டத்திலிருந்தே தொடங்குகின்றன. புரூக்ஸும் வைல்டரும் சேர்ந்து எழுதிய நகைச்சுவையில் அந்த விஞ்ஞானியின் பேரன் ஓட முடியாதபடி கதவு சாத்தப்படுகிறது, அதைச் சாத்தச் சொன்னவனும் அவனே. பாட்டனின் பெயரைச் சொல்லவே வெட்கப்பட்டு, தன் குடும்பப் பெயரை வேறு விதமாக உச்சரித்துக்கொண்டு திரிந்தவன், அந்த அணைப்பு முடிந்ததும் உரத்த குரலில் அதைச் சரியாக உச்சரிக்கிறான். எனக்குத் தெரிந்தவரை, அந்த நாவலிலிருந்து கிளைத்த படங்களில் அந்தப் பிழையைத் திருத்த முயன்ற படம் இதுதான். திருத்துவதற்குக் கோமாளித்தனம் தேவைப்பட்டிருக்கிறது.

ஆகவே என் கருத்து இது. கிறுக்கு விஞ்ஞானி தான் செய்துகொண்டிருப்பதை முழு மனத்தோடு செய்கிறார்; செய்து முடித்ததை விட்டு ஓடுவதில்லை. அதனால்தான் அவர் எவ்வளவு அபத்தமாக நடந்துகொண்டாலும் அவரை நாம் கைவிடுவதில்லை. மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?

இயற்பியல் ஆசிரியை:

ஐயா, முழு மனத்தோடு செய்வது என்று நீங்கள் சொன்னதை நான் பொருள்களிலிருந்து தொடங்கிப் பார்க்க விரும்புகிறேன். அந்தப் படத்தின் ஆய்வுக்கூடத்தில் நீங்கள் பார்த்த கருவிகளில் பல, 1931-இல் ஜேம்ஸ் வேல் இயக்கிய 'ஃபிராங்கன்ஸ்டைன்' படத்துக்காகக் கென்னத் ஸ்டிரிக்ஃபேடன் என்ற மின்கலைஞர் செய்தவை. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அவற்றைத் தம் வீட்டில் பத்திரமாக வைத்திருந்தார். புரூக்ஸ் அவரைத் தேடிப் போய்ப் பார்த்து, அவற்றையே வாடகைக்கு எடுத்துவந்து மறுபடியும் இயக்கினார். கேலி செய்ய வந்தவர், கேலிக்கு உள்ளாகப் போகும் படத்தின் உண்மையான பொறிகளைத் தேடிக் கண்டுபிடித்து, அவற்றைச் செய்த கைக்குத் திரையில் நன்றியும் சொன்னார் என்பது என் மனத்தை மிகவும் தொட்ட செய்தி.

அந்தக் கூடத்தில் இரண்டு கம்பிகள் கீழே நெருங்கியும் மேலே விலகியும் நிற்க, அவற்றுக்கிடையே மின்பொறி ஏறிக்கொண்டே போவதைக் கவனித்திருப்பீர்கள். யாக்கோபின் ஏணி என்று அதற்குப் பெயர். கம்பிகள் மிக நெருங்கியிருக்கும் அடிப்பகுதியில் உயர் மின்னழுத்தம் காற்றை உடைத்துப் பொறியை உண்டாக்குகிறது. பொறி காற்றைச் சூடாக்குகிறது, சூடான காற்று மேலெழுகிறது, மேலெழும் அந்தக் காற்று மின்னைக் கடத்துவதால் பொறியும் அதோடு ஏறுகிறது. இடைவெளி தாங்க முடியாத அளவுக்கு அகன்றதும் அறுந்துபோய், மறுபடியும் அடியிலிருந்து தொடங்குகிறது. உயிரூட்டுவதற்கு அதனால் ஒரு பயனும் இல்லை. ஆனால் அது பொய்யும் இல்லை. அட்டையில் வெட்டி வண்ணம் பூசிய கருவிகளாக இருந்திருந்தால் அந்தக் காட்சி வெறும் கேலிக்கூத்தாக முடிந்திருக்கும். உண்மையான மின்சாரம், பயனற்ற ஒரு நோக்கத்துக்காக, தன் விதி ஒன்றைக்கூட மீறாமல் பாடுபடுகிறது. அதுவே எனக்குச் சிரிப்பையும் மரியாதையையும் ஒன்றாகத் தருகிறது.

எங்கள் பள்ளியில், மின்பொறி பறக்கவைக்கும் பழைய தூண்டுசுருள் ஒன்று இருக்கிறது. அறையின் சன்னல்களைச் சாத்திவிட்டு அதை இயக்கும் ஒவ்வோர் ஆண்டும் பத்தாம் வகுப்புப் பெண்கள் முதலில் 'ஐயோ' என்று பின்வாங்கி, அடுத்துச் சிரித்து, மூன்றாவதாக மேசையை நோக்கி நெருங்குகிறார்கள். இந்த மூன்றும் எப்போதும் இதே வரிசையில்தான் நடக்கின்றன. கிறுக்கு விஞ்ஞானிப் படங்களின் முன்னால் நாமும் இந்த வரிசையில்தான் நடந்துகொள்கிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாற்றுக்கருத்து:

இருவரும் அழகாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை, காரணங்களையும் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, இவ்வகைக் கதைக்கு வித்திட்ட நிகழ்வுகள் சிரிப்புக்குரியவை அல்ல. பொலோன்யா நகரில் லூயிஜி கல்வானி செத்த தவளையின் காலை மின்சாரத்தால் துடிக்க வைத்தார். அவருடைய சகோதரியின் மகன் ஜொவானி ஆல்தினி, 1803-இல் லண்டனில், தூக்கிலிடப்பட்ட ஒரு கைதியின் உடலில் மின்கம்பிகளை வைத்துக் காட்டினார். இறந்த முகத்தின் தாடை துடித்தது, ஒரு கண் திறந்தது என்று அன்றைய பதிவுகள் சொல்கின்றன. அந்த உடலுக்கு உரியவனிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. மேரி ஷெல்லி எழுதியது அந்தக் காலத்துக் காற்றைச் சுவாசித்துத்தான். அந்த நாற்றத்தை நகைச்சுவை வாசனைத் தைலம் பூசி மறைத்துவிடுகிறது என்பது என் கவலை.

இரண்டாவது, ஸ்டான்லி குப்ரிக்கின் 'டாக்டர் ஸ்ட்ரேஞ்ச்லவ்' என்ன ஆகிறது? 1964-இல் வந்த அந்தப் படமும் அபத்த நகைச்சுவைதான், அதிலும் கிறுக்கு விஞ்ஞானி இருக்கிறார். பீட்டர் செல்லர்ஸ் நடித்த அந்த மனிதரிடம் அன்பு கொள்ள யாராலும் முடியாது. கறுப்புக் கையுறை அணிந்த வலக்கை அவர் சொல் கேளாமல் தானாகவே நாஜி வணக்கம் செய்ய எழுகிறது, அவர் கழுத்தையே நெரிக்கிறது. உலகம் அழிந்துகொண்டிருக்கும்போது, சுரங்கத்துக்குள் யார் யார் பிழைக்கலாம் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தப் படத்துக்கு மூலமான நாவல் சிரிப்பே இல்லாத ஒன்று. திரைக்கதை எழுத எழுத, அணுப்போர்த் தந்திரத்தின் தர்க்கமே அபத்தமாக இருப்பதைக் கண்டுதான் குப்ரிக் அதை நகைச்சுவையாக மாற்றினார். அங்கே சிரிப்பு அச்சத்தைக் கரைக்கவில்லை, இறுக்கியது.

மூன்றாவது, இந்தக் கதைகளில் விஞ்ஞானி எப்போதும் தனியாள், எப்போதும் ஆண். 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் இங்காவை நினைத்துப் பாருங்கள். டெரி கார் எவ்வளவு நன்றாக நடித்திருந்தாலும் அந்தப் பாத்திரம் ஆய்வுக்கூட உதவியாளராக வந்து அழகியாகவே நின்றுவிடுகிறது. ஆசிரியை அவர்களின் வகுப்பில் மேசையை நோக்கி நெருங்கும் பெண்கள் இந்தப் படங்களில் யாரைத் தங்களாகக் கொள்வார்கள்?

கறுப்புவெள்ளைப் பிரியன்:

மூன்றாவது கருத்துக்கு என்னிடம் மறுப்பு இல்லை. நான் இதுவரை போதிய அளவு யோசிக்காத குறை அது.

ஸ்ட்ரேஞ்ச்லவ் குறித்து மட்டும் ஒன்று சொல்கிறேன். அவரை நாம் நேசிக்க முடியாததற்குக் காரணம், அவர் எதன் மீதும் மனம் வைக்காததுதான். அவர் கையில் ஒரு குழந்தையும் இல்லை, ஓர் இயந்திரமும் இல்லை. கணக்குப் போட உதவும் வட்டவடிவ அளவுகோல் ஒன்று மட்டும் இருக்கிறது. என் கருத்துக்கு அவர் எதிர்ச்சான்று என்று நீங்கள் கொண்டுவந்தீர்கள், நான் அவரை என் பக்கத்துச் சாட்சியாகவே பார்க்கிறேன். ஆனால் எல்லாக் கிறுக்கு விஞ்ஞானிகளையும் நாம் நேசிக்கிறோம் என்ற தொனியில் நான் எழுதியது தவறு, அதைத் திருத்திக்கொள்கிறேன்.

கேலிப்படம் ஒன்றில் இவ்வளவு கண்ணியம் எப்படி வந்தது என்று கேட்பவர்களுக்கு, அதன் உருவாக்கத்திலிருந்து இரண்டு செய்திகள். படத்தைக் கறுப்புவெள்ளையில்தான் எடுப்பேன் என்று புரூக்ஸ் நின்றார். முதலில் ஒப்புக்கொண்டிருந்த கொலம்பியா நிறுவனம் அதை ஏற்காததால் படம் இருபதாம் நூற்றாண்டு ஃபாக்ஸ் நிறுவனத்துக்கு மாறியது. அதேபோல், தம் படங்களில் தாமே தோன்றிக் குறும்பு செய்யும் வழக்கமுடைய புரூக்ஸ் இந்தப் படத்தில் முகம் காட்டக் கூடாது என்று வைல்டர் நிபந்தனை போட்டார். இயக்குநர் எட்டிப் பார்த்துக் கண்ணடித்தால், அந்த உலகத்தின் மீது பார்ப்பவனுக்கு இருக்கும் நம்பிக்கை உடைந்துவிடும் என்பது அவர் எண்ணம். அந்தக் கோட்டையில் இருப்பவர்களில் ஒருவருக்குக்கூடத் தாங்கள் வேடிக்கையானவர்கள் என்று தெரியாது. படத்தின் தொடக்கத்தில், பாட்டனைப் பற்றி மாணவன் ஒருவன் விடாமல் கேட்கக் கேட்கச் சினம் தலைக்கேறி, கையிலிருந்த அறுவைக் கத்தியைத் தன் தொடையிலேயே குத்திக்கொள்ளும் பேராசிரியர், வலியை முகத்தில் காட்டாமல் மெல்லக் கால் மேல் கால் போட்டு அதை மறைத்துக்கொண்டு வகுப்பை முடிக்கிறாரே, அந்தக் கால் மாற்றும் வேகத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் விரைவாக மாற்றியிருந்தாலும் அது சர்க்கஸ் ஆகியிருக்கும். அவர் தம் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள உண்மையாகவே பாடுபடுகிறார்.

சாயப்பட்டறை:

வணக்கம். நான் திருப்பூரில் இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சாயத் தொழிலில் இருக்கிறேன். இந்த இழையில் இதுவரை யாரும் குறிப்பிடாத ஒரு படத்தைப் பற்றி எழுத வேண்டும்: 1951-இல் அலெக்சாண்டர் மெக்கென்ட்ரிக் இயக்கி, இங்கிலாந்தின் ஈலிங் ஸ்டூடியோவிலிருந்து வந்த 'த மேன் இன் த ஒயிட் சூட்'. கோட்டை இல்லை, இடி மின்னல் இல்லை, ராட்சதனும் இல்லை. ஒரு துணி ஆலை, அதில் ஒரு மூலையில் யாருக்கும் தெரியாமல் குமிழியிட்டுக்கொண்டிருக்கும் கண்ணாடிக் குழாய்கள், அவ்வளவுதான். ஆலைக்குப் பார்வையிட வந்தவர்கள் அந்தக் கருவியைக் கண்டு, இது யாருடைய ஆராய்ச்சி, இதன் செலவு எந்தக் கணக்கில் போகிறது என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். யாருக்கும் தெரியவில்லை. அலெக் கின்னஸ் நடிக்கும் சிட்னி என்ற இளைஞன்தான் அதன் சொந்தக்காரன். துரத்தப்பட்ட ஆலையிலிருந்து அடுத்த ஆலைக்குப் போய், மூட்டை தூக்கும் வேலையில் சேர்ந்தாவது ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிடுகிறான்.

அவன் கண்டுபிடிக்க முயல்வது, அழுக்கு ஒட்டாத, கிழியாத, ஒருபோதும் தேயாத நூல். வெடித்து வெடித்துக் கடைசியில் கிடைத்தும்விடுகிறது. தையற்காரர் அதைக் கத்தரிக்கோலால் வெட்ட முடியாமல் இரும்பு வெட்டும் சுடர்விளக்கால் வெட்டுகிறார். அழுக்கு ஒட்டாத துணியில் சாயமும் ஒட்டாது என்பதால் உடுப்பு பளீரென்ற வெள்ளையாக, இருட்டில் சற்று ஒளிரவும் செய்கிறது. முதல் முறை பார்த்தபோது அந்த இடத்தில் என்னோடு இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சாயக்காரன், என்னால் சிரிக்க முடியவில்லை. இந்தத் துணி சந்தைக்கு வந்தால் முதலில் அடுப்பணைவது என் வீட்டில்தான் என்று தோன்றியது.

படத்தின் உண்மையான நகைச்சுவை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தேயாத துணியை ஒருவன் ஒரு முறைதான் வாங்குவான் என்பது ஆலை முதலாளிகளுக்குப் புரிகிறது. அப்படியானால் நெய்வதற்கு வேலை இருக்காது என்பது தொழிலாளர்களுக்கும் புரிகிறது. எதிலும் ஒத்துப்போகாத இரண்டு தரப்பும் ஒன்று சேர்ந்து, இரவில் தெருத்தெருவாக அந்த ஒளிரும் வெள்ளை உடுப்பைத் துரத்துகின்றன. 2011-இல் நீதிமன்ற உத்தரவால் எங்கள் ஊரில் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, போனஸ் பேச்சுவார்த்தையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காத முதலாளியும் தொழிலாளியும் ஒரே பந்தலில் அமர்ந்திருந்ததை நான் கண்டிருக்கிறேன். நொய்யலாற்றில் சாயக்கழிவு கலந்ததால் நிலத்தை இழந்த விவசாயிகள் சொன்னதும் நியாயம்தான்; பந்தலில் இருந்தவர்களின் வயிறு சொன்னதும் நியாயம்தான். அந்த நாள்களைக் கடந்து வந்தவனுக்கு இந்தப் படத்தின் துரத்தல் வேறு மாதிரி தெரியும்.

படத்தின் உச்சமாக நான் கருதுவது ஒரு சிறிய இடம். ஓடி ஒளியும் சிட்னி, தன் ஒளிரும் உடுப்பை மூடிக்கொள்ள ஏதாவது துணி தரும்படி, தான் குடியிருந்த வீட்டுக்கார அம்மாளிடம் கேட்கிறான். அவர் சலவை செய்து நாலு காசு பார்க்கும் ஏழை மூதாட்டி. துணியைத் துவைக்கவே தேவையில்லை என்று ஆகிவிட்டால் தம் பிழைப்பு என்ன ஆவது, விஞ்ஞானிகளெல்லாம் இருக்கிறதை இருக்கிறபடி விட்டுவைக்கக் கூடாதா என்று அவர் கேட்கிறார். சிட்னியிடம் பதில் இல்லை. கின்னஸின் முகத்தில் அந்த ஒரு கணம் தோன்றும் திகைப்பை, ஆலை முதலாளிகள் அத்தனை பேரும் சேர்ந்து மிரட்டியும் வரவழைக்க முடியவில்லை. படம் முழுக்க அவன் நூலைப் பற்றி யோசித்தான். அந்த அம்மாளைப் பற்றி ஒரு தடவைகூட யோசிக்கவில்லை.

ஆகவே இழையைத் தொடங்கிய நண்பருக்கு என் பணிவான எதிர்வாதம்: தான் உண்டாக்கியதை விட்டு ஓடாமல் இருப்பது மட்டும் போதாது. சிட்னி தன் நூலை ஒரு நாளும் கைவிடவில்லை. அவன் கண்ணுக்குப் படாமல் போனவர்கள் நூலைச் சுற்றி வாழ்ந்தவர்கள். அப்படியிருந்தும் அவனை நான் வெறுக்கவில்லை என்பதுதான் எனக்கே விளங்காத விஷயம்.

மாற்றுக்கருத்து:

சாயப்பட்டறை அண்ணா, இதைப் படித்த பிறகு நேற்றிரவே அந்தப் படத்தைத் தேடிப் பார்த்துவிட்டேன். ஆலை முதலாளிகளுக்கெல்லாம் மூத்தவராக, நோயாளி போல நாற்காலியில் சுருண்டு உட்கார்ந்திருக்கும் கிழவரை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். எர்னஸ்ட் தெசிஜர்! ஜேம்ஸ் வேல் 1935-இல் எடுத்த 'பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தில் டாக்டர் பிரிட்டோரியஸாக, கண்ணாடிக் குடுவைகளுக்குள் குட்டி மனிதர்களை வளர்த்தவர் அவர்தான். பதினாறு ஆண்டுகள் கழித்து அவரே கண்டுபிடிப்பை அமுக்கச் சொல்லும் முதலாளியாக வருகிறார். இதை வேண்டுமென்றே செய்தார்களோ இல்லையோ, எனக்கு அந்த முகம் ஒரு வாதமாகவே தெரிந்தது. பழைய கிறுக்கு விஞ்ஞானியிடமிருந்த குளிர்ச்சி முழுவதும் பணத்தின் பக்கம் போய்விட்டது. ஆய்வுக்கூடத்தில் எஞ்சியது வெகுளித்தனம்.

நகைச்சுவை நாற்றத்தை மறைக்கிறது என்று எழுதியிருந்தேன். சலவைக்கார அம்மாள் வரும் காட்சியைப் பார்த்தபின் அந்த வரியை அப்படியே வைத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. பேய்ப்படமாக எடுத்திருந்தால் அந்த அம்மாள் கதைக்குள் நுழைந்திருக்கவே முடியாது.

ஒலிக்கூடம்:

அந்தப் படத்தின் குமிழிச் சத்தத்தைப் பற்றி ஒரு சொல். குழாய்களில் திரவம் ஏறி இறங்கும்போது எழும் 'குளுக் குளுக்' ஓசை, தாளக்கட்டு உள்ள ஒரு துணுக்கு இசையாகவே அமைந்திருக்கிறது. அதை உருவாக்கியவர் மேரி ஹேபர்ஃபீல்ட் என்ற ஒலித்தொகுப்பாளர். ஒலித்துறையில் இருப்பவன் என்ற முறையில் நான் அந்த ஓசையைப் பலமுறை காதுக்கருவி மாட்டிக் கேட்டிருக்கிறேன். அடுக்களையில் சோறு கொதிக்கும்போது மூடி எழும்பி விழும் ஓசைக்கும் அதற்கும் உறவு இருக்கிறது. அதனால் கேட்பவருக்குப் பயம் வருவதில்லை, பக்கத்தில் யாரோ ஏதோ சமைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்ற நிம்மதி வருகிறது.

படத்தின் முடிவில் உடுப்பு பஞ்சு பஞ்சாகப் பிய்ந்து கையோடு வந்துவிடுகிறது. நூல் நிலைக்கவில்லை. துரத்தியவர்கள் நிம்மதியாகச் சிரிக்கிறார்கள், சிட்னி அரைகுறை ஆடையோடு நடுத்தெருவில் நிற்கிறான். மறுநாள் வேலையும் இல்லாமல் வெளியேறி நடக்கும்போது தன் குறிப்பேட்டைத் திறந்து பார்க்கிறான். ஏதோ புரிந்துவிட்டது போல் முகம் மலர்கிறது. நடை வேகமெடுக்கிறது, கூடவே அந்தக் குமிழிச் சத்தம் மறுபடியும் கேட்கிறது. கருவி எதுவும் அங்கே இல்லை. ஓசை மட்டும் அவனோடு நடந்து போகிறது. சாயப்பட்டறை அண்ணா, அவனை ஏன் வெறுக்க முடியவில்லை என்று கேட்டீர்களே, எனக்கு அதற்கான விடை அந்த ஓசையில் இருக்கிறது. அம்மாளின் கேள்விக்கு அவன் விடை கண்டுவிட்டானா என்று படம் சொல்வதில்லை.

புதியவள்:

நான் இவ்வகைப் படங்களுக்குப் புதியவள். தமிழில் 2015-இல் வந்த 'இன்று நேற்று நாளை' மட்டுமே பார்த்திருக்கிறேன். 2065-இல் ஒரு விஞ்ஞானி காலப்பயண இயந்திரத்தைச் செய்து நம் காலத்துக்கு அனுப்புகிறார். அது எதிர்பாராமல் இரண்டு சாதாரண இளைஞர்களின் கையில் கிடைக்கிறது. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் நீங்கள் எழுதியதை எல்லாம் படித்தபின் ஒன்று தோன்றுகிறது: அதில் சிரிப்பு முழுவதும் இயந்திரம் யார் கையில் கிடைத்தது என்பதிலிருந்து வருகிறது, செய்தவரிடமிருந்து வரவில்லை. செய்தவரையே நடுவில் வைத்து, அச்சமில்லாமல் பார்க்கக்கூடிய படம் ஒன்றைச் சொல்லுங்கள். அம்மாவோடு பார்க்க வேண்டும்.

கறுப்புவெள்ளைப் பிரியன்:

புதியவள் அவர்களுக்கு: ராபர்ட் செமெக்கிஸ் இயக்கிய 'பேக் டு த ஃப்யூச்சர்', 1985. கிறிஸ்டபர் லாயிட் நடிக்கும் டாக்டர் பிரவுனைக் கவனியுங்கள். ஐன்ஸ்டைனையும் இசைநடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கியையும் மனத்தில் வைத்தே அந்தத் தலைமுடியையும் கையசைவையும் உருவாக்கியதாக லாயிட் சொல்லியிருக்கிறார்.

அதில் ஒரு காட்சியை மட்டும் நெருங்கிப் பாருங்கள். நள்ளிரவில், ஆளில்லாத வணிக வளாகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் அவருடைய காலப்பயண இயந்திரத்தின் முதல் சோதனை நடக்கிறது. இயந்திரமாக மாற்றப்பட்ட டெலோரியன் காருக்குள் அவருடைய நாய் அமர்ந்திருக்கிறது. அதன் கழுத்தில் ஒரு கடிகாரம், டாக்டரின் கையில் இன்னொன்று. அனுப்புவதற்கு முன் இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுகின்றனவா என்று ஒப்பிட்டுக் காட்டுகிறார். வண்டி மணிக்கு 88 மைல் வேகத்தை எட்டி மறைகிறது, நெருப்புத் தடம் மட்டும் தரையில் எரிகிறது. ஒரு நிமிடம் கழித்துத் திரும்பி வரும்போது, நாயின் கடிகாரம் சரியாக ஒரு நிமிடம் பின்தங்கியிருக்கிறது. காலத்தை வென்றுவிட்ட மனிதர் முதலில் ஓடிச் சென்று பார்ப்பது நாய்க்கு ஒன்றும் ஆகவில்லையே என்பதையும், இரண்டு கடிகாரங்களும் காட்டும் நேரத்தையும். ஆசிரியை அவர்கள் இதைப் பார்த்தால் சோதனைக்குக் கட்டுப்பாட்டு அளவீடு வைத்திருக்கிறார் என்று மதிப்பெண் போடுவார்கள் என்று நம்புகிறேன்.

சாயப்பட்டறை அண்ணாவின் எதிர்வாதத்தை இரண்டு நாளாக மனத்தில் போட்டுப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். சிட்னி நூலைக் கைவிடவில்லை, அந்த அம்மாளைக் கைவிட்டான் என்று நீங்கள் சொன்னது சரி. என் கருத்தை அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்: கைவிடாமை என்பது செய்த பொருளோடு முடிந்துவிடக் கூடியதன்று. 'யங் ஃபிராங்கன்ஸ்டைன்' படத்தின் கடைசியில் டாக்டர் தம் மூளையின் ஒரு பகுதியை ராட்சதனுக்குக் கொடுத்து, அவனிடமிருந்து ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொள்கிறார். கொடுத்ததில் தமக்கு நட்டம் உண்டு என்று தெரிந்தே சோதனை மேசையில் அவனுக்குப் பக்கத்தில் தாமும் படுக்கிறார். சிட்னி அந்தச் சலவைக்கார அம்மாளுக்கு முன்னால் நின்றது ஒரு கணம்தான்.

இயற்பியல் ஆசிரியை:

மதிப்பெண் உண்டு ஐயா. ஆனால் ஒரே ஒரு முறை செய்த சோதனை என்பதால் முழு மதிப்பெண் கிடையாது.

மாற்றுக்கருத்து அவர்கள் என் மாணவிகளைப் பற்றிக் கேட்டதற்கு நான் இதுவரை பதில் எழுதவில்லை; எழுதும் முன் அவர்களிடமே கேட்க விரும்பினேன். ஸ்டிரிக்ஃபேடனின் கருவிகள் இயங்கும் காட்சியை மட்டும் வகுப்பில் ஓட்டிவிட்டு, இதில் நீங்கள் யாராக இருப்பீர்கள் என்று கேட்டேன். ஒருத்திகூட இங்காவைச் சொல்லவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண், "அந்த நெம்புகோலை இழுக்கிறவங்க, டீச்சர்" என்றாள். அது ஆணா பெண்ணா என்று அவள் பார்க்கவே இல்லை. இந்தப் பதிலால் உங்கள் குறை தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அவளுக்காக எடுக்கப்பட்ட கிறுக்கு விஞ்ஞானிப் படம் வரவேண்டும், அவள் தலைமுடியும் கலைந்து நிற்க வேண்டும், அவள் ஆய்வுக்கூடமும் வெடிக்க வேண்டும்.

சாயப்பட்டறை:

அந்தப் பிள்ளைக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கள் டீச்சர். நண்பரே, சிட்னி அந்த அம்மாளுக்கு முன்னால் நின்றது ஒரு கணம்தான் என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்த ஒரு கணம் நிற்கக்கூட நேரமில்லாதவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கறுப்புவெள்ளைப் பிரியன்:

நேற்று அக்காள் மகன் வந்திருந்தான். அவன் கேள்விக்காகத் தொடங்கிய இழை என்பதால், பூட்டிய அறைக் காட்சியை மட்டும் மறுபடியும் போட்டு, இடையிடையே நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். டாக்டர் திரும்பும்போது முதுகு கதவோடு ஒட்டியிருக்கிறது, புகழ்ச்சியை உளறிக் கொட்டுகிறார். ராட்சதனின் முகம் கோணத் தொடங்கியதும் அவர் குரல் தணிகிறது. அவன் அழுத பிறகு, வைல்டர் ஒரு முறைகூடக் கதவைத் திரும்பிப் பார்க்கவில்லை. இதை நான் இத்தனை ஆண்டுகளில் கவனித்ததே இல்லை. பையன்தான் விரலால் தொட்டுக் காட்டினான்.

"பயத்துலதான் ஆரம்பிச்சாரு மாமா. அப்புறம் அவருக்கே மறந்துபோச்சு" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு 'ஒயிட் சூட்' போட்டுக் காட்டப் போகிறேன். சலவைக்கார அம்மாள் வரும் இடத்தில் அவன் என்ன கேட்கிறான் என்பதை இங்கே வந்து எழுதுகிறேன்.